இப்பகுதியில் போதிய பள்ளிகள் உள்ளன

தேனி
14.6.1987, ஞாயிற்றுக்கிழமை

அரிசியை அளந்த கையாலேயே என்னையும் அளந்து வைத்திருந்த அக்காவுக்கு,

முதலில் ஒரு தேதியைச் சரிசெய்துவிடுகிறேன். பள்ளிக்கூட முன்கூடத்தில் மாட்டியிருக்கும் உன் படத்தின் கீழே, நீ மறைந்த நாள் 26.10.1983 என்று பெயிண்டர் எழுதியிருந்தான். விடிவதற்கு முன்பு உயிர் பிரிந்ததால் பஞ்சாங்கப்படி அது புதன்கிழமைதான் என்று வாதிட்டான். பஞ்சாங்கத்தின் கிழமைக்கு ஆங்கிலத் தேதியைப் போட்டால் எப்படி? ஆங்கிலக் கணக்கில் அது 27, வியாழன். சென்ற மாதம்தான் ஒருவழியாக அழித்து எழுத வைத்தேன். "செத்ததுக்கும் ஒங்கிட்ட பெர்மிட்டு வாங்கணுமாலே?" என்று நீ சிரிப்பது காதில் விழுகிறது. சிரித்துக்கொள். தேதி பிசகினால் எனக்குச் சோறு இறங்காது என்பது நீ அறியாததா?

இக்கடிதத்தை நம் வர்த்தகர் சங்க மாத இதழுக்குக் கொடுக்கப்போகிறேன். ஆகவே, உனக்கு நன்றாகத் தெரிந்த சிலவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். வெட்கப்படுகிறவன் மூலையில் உட்கார்ந்து வெட்கப்பட வேண்டியதுதானே, ஊரைக் கூட்டுவானேன் என்று கேட்பாய். காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

நம் வீட்டு விசித்திரத்தை நினைத்துப் பார்க்கிறேன். அத்தான் காலமான பிறகு பஜாரில் அரிசிக் கடையை நீ நடத்தினாய். நானோ வழங்கல் அலுவலகத்தில் எழுத்தர். அக்காள் அரிசி விற்றாள். அரிசி எல்லை தாண்டக்கூடாது என்று தம்பி எழுதினான். இரண்டு பேரும் ஒரே பானைச் சோற்றைத் தின்றோம். 1966-இல் ஒரு நாள், மலையடிவாரச் சோதனைச் சாவடியைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மூட்டைகூடக் கேரளம் போகாது என்றேன். நீ முறத்தைக் கீழே வைத்தாய்.

"மலைக்கு அங்கிட்டு பசிச்சவன் இருக்கான். இங்கிட்டு அரிசி இருக்கு. நடுவுல நீ ஏண்டா நிக்கிற?"

விலை ஏறினால் இங்கிருக்கும் ஏழை என்ன செய்வான் என்று கேட்டேன். என் கேள்வி தவறானதென்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் நீ விடவில்லை. "இப்ப மட்டும் போகலையாக்கும்? போகுது. ராத்திரியில போகுது. பகல்ல போனா அரிசிக்கு வெல. ராத்திரியில போனா அந்த இருட்டுக்கும் சேத்து வெல. அதையும் ஏழதான் குடுக்கான்." அன்று முதல் எனக்குப் பெயர் பெர்மிட்டு. கடைக்கு வரும் மூட்டைக்காரர்கள்கூட "பெர்மிட்டு வந்திருக்காக" என்று உள்ளே குரல் கொடுப்பார்கள்.

கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் நீ பள்ளிக்கூடம் தொடங்கியது 10.6.1968, திங்கட்கிழமை. சந்தையில் காய்கறி விற்கும் பெண்களின் பிள்ளைகள் சாக்குகளுக்கு நடுவே தூங்குவதைப் பார்த்துப் பார்த்து உனக்குப் பொறுக்கவில்லை. தருமத்துக்காகவா என்று கேட்டேன். "தருமமா? யாவாரம்டா. நல்லாச் சொல்லிக் குடுத்தா வருவாக, இல்லேன்னா போயிருவாக" என்றாய். அனுமதி வாங்கினாயா என்றதற்கு, "அ, ஆ-வுக்கு எந்த ஆபீசுலடா பெர்மிட்டு?" என்றாய்.

இதழ் படிப்பவர்களில் இளையவர்களுக்கு அந்த வழக்கம் தெரிந்திருக்காது. சனிக்கிழமை சந்தை கலைகிற நேரத்தில், கடை வாசலில் அரிசி அளக்கும் மரப்படி ஒன்றை வைப்பாய். தாய் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவாள். கடைப் பலகையோ, சோப்பு உறையோ, எதையாவது காட்டி வாசிக்கச் சொல்வாள். பிள்ளை வாசித்தால் அந்த வாரக் காசு படியில் விழும். வாசிக்காவிட்டால், பக்கத்தில் கிடக்கும் தட்டை எடுத்துப் படியின்மேல் மூடிவிட்டு, "அடுத்த வாரம் பாப்போம்" என்று போய்விடுவாள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் பிள்ளையை பஸ் நிறுத்தத்துக்கு இழுத்துப்போய்க் கண்டக்டரைச் சரிபார்க்கச் சொன்னதும் உண்டு. போடி வண்டிக் கண்டக்டர் ஒருவர், டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுப் பரீட்சை நடத்துவார். ஊரில் அதற்கு வாரக்காசுப் பள்ளிக்கூடம் என்றே பெயராகிவிட்டது.

ஆசிரியருக்கு இதைவிட அவமானம் உண்டா என்று நான் கொதித்தேன். 1970-இல் நீ வேலைக்கு வைத்த மேரி அதைக் கேட்டுச் சிரித்தாள். ஓடைப்பட்டிப் பக்கத்துத் திராட்சைத் தோட்டக் குடும்பம், வேதக்காரப் பெண், அப்போதுதான் ஆசிரியப் பயிற்சி முடித்திருந்தாள். "எங்க தோட்டத்துல திராட்சையும் அப்படித்தான் சார் விக்குது. ஒண்ணப் பிச்சு வாயில போட்டுப் பாத்துட்டுத்தான் எடைக்கே வருவாக" என்றாள். நீ அவளைப் பார்த்த பார்வையில், இனி இந்தக் கிட்டங்கியில் என் பேச்சு எடுபடாது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

அரசாங்கம் கல்விக்குச் செலவிடும் பணத்தை என்ன செய்யலாம் என்பதற்கும் உன்னிடம் ஒரு திட்டம் இருந்தது. "ரேசன் கார்டு மாதிரி பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடக் கார்டு குடுக்கட்டும். ஆனா இந்தக் கடையிலதான் வாங்கணும்னு சொல்லப்படாது. பெத்தவ எந்த வாத்தியாரு நல்லவருன்னு நெனைக்காளோ அங்கன கொண்டுபோய் நீட்டட்டும். கார்டு வராத பள்ளிக்கூடம் தன்னால திருந்தும், இல்ல தன்னால மூடும்." நான் அடுக்கினேன். பாமரத் தாய்க்கு நல்ல கல்வி எதுவெனத் தெரியுமா? கல்வியின் பலன் இருபது ஆண்டு கழித்தல்லவா தெரியும்? ஒரே சீரான பாடத்திட்டம் இல்லாவிட்டால் நாடு என்னாகும்? "ஏலே, காம்பப் பாத்துக் கத்திரிக்கா சொத்தைன்னு சொல்றவளுக்கு, தான் பெத்தது தேறுதா இல்லையான்னு தெரியாதா?" என்று நீ ஒரே வீச்சில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டாய்.

ஆனால் ஒரு கேள்வியை உன்னாலும் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. மழை பொய்த்த அந்த ஆண்டு நினைவிருக்கிறதா? ஒரு தாய் வாராவாரம் வந்து படியை மூடிவிட்டுப் போனாள். அவள் மகன் நன்றாக வாசிக்கிறவன். கடைப் பலகையைக் கடகடவென்று வாசித்து முடித்தான். அவளோ, "எங்க, திக்குறான்" என்று சொல்லித் தட்டை வைத்தாள். பையன், "சரியாத்தான ஆத்தா வாசிச்சேன்!" என்று வாய்விட்டு அழுதான். கையில் காசில்லை என்று சொல்ல நாணி, அவள் பெற்ற பிள்ளையை மக்கு என்று சொல்லிவிட்டுப் போகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இதுதானா உன் சந்தை என்று கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமை கடை வாசலில் படி இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம், "ஓட்ட விழுந்துருச்சு, ஆசாரிகிட்ட குடுத்திருக்கேன்" என்றாய். மழை பெய்து சந்தை களைகட்டும்வரை ஆசாரி அந்தப் படியைத் திருப்பித் தரவே இல்லை. படி உள்ளே குதிருக்குப் பின்னால் இருந்ததை நான் பார்த்தேன். ஒரு கடைக்காரியின் நல்ல மனத்தை நம்பி நாட்டுப் பிள்ளைகளின் படிப்பை விட முடியுமா என்று கேட்டேன். "அப்ப ஆபீசரு மனச நம்பி விடலாமாக்கும்?" என்று திருப்பிக் கேட்டாய். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை, அக்கா. உன் கேள்வியும் நிற்கிறது, என் கேள்வியும் நிற்கிறது.

இன்னொரு நாளையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். 1971, பங்குனி மாதம். புதிதாக ஒருவர் அரிசி ஆலை தொடங்க உரிமம் கேட்டிருந்தார். ஏற்கெனவே ஆலை வைத்திருந்தவர்கள் கூடி ஓர் ஆட்சேபணை மனு கொடுத்திருந்தார்கள். அந்த மனுவின் தமிழ் எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. சாப்பிட உட்கார்ந்தபோது, மனப்பாடமாகவே உனக்குச் சொல்லிக் காட்டினேன்: "இப்பகுதியில் போதிய ஆலைகள் உள்ளன. மேலும் ஒன்று வருவது முறையற்ற போட்டிக்கு வழிவகுத்து, பொதுமக்களின் நலனுக்கு ஊறு விளைவிக்கும்."

நீ குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாய். "போதும்னு யாருடா சொல்றது? ஆல வச்சிருக்கிறவரா, நெல்லு வச்சிருக்கிறவரா?" பிறகு எனக்குச் சோறு போட்டாய். போட்டுக்கொண்டே இருந்தாய். போதும் போதும் என்று கையால் மறித்தேன். "பாத்தியா, திங்கிறவன் சொன்னாத்தான் போதும். வடிச்சவ சொல்லப்படாது" என்றாய். அன்று சிரித்தேன். பதினாறு ஆண்டு கழித்து இப்போதுதான் அது உள்ளே இறங்குகிறது.

இனி, நீ பார்க்காதவை.

நான் 1980-இல் ஓய்வு பெற்றதும், சாகும்வரை கணக்குப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று கடைக்கு அழைத்துக்கொண்டாய். பள்ளிக்கூடத்தையும் என்னிடமே விட்டுப் போனாய். உன் இரங்கல் கூட்டத்தில் நான் பேசினேன். தடையில்லாப் போட்டியே தரத்தைத் தரும், என் அக்காள் சொன்னதே சரி, நான் தோற்றேன் என்றேன். பலர் கண் கலங்கினார்கள். இதே இதழ் அந்தப் பேச்சை முழுதாக வெளியிட்டது, எடுத்துப் பார்க்கலாம்.

அதன்பின் நான் செய்ததைக் கேள். பள்ளிக்கு உன் பெயரை வைத்தேன், சீனியம்மாள் நினைவு ஆங்கிலப் பள்ளி என்று. முறையாக விண்ணப்பித்து, 1984-இல் அங்கீகாரம் பெற்றேன். புதுக் கட்டடம், புது மேசைகள். இவற்றுக்கு நான் வெட்கப்படவில்லை. கூரை ஒழுகாத இடத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் வாரக் காசை நிறுத்தி, ஆண்டுக் கட்டணத்தை முன்பணமாக்கினேன். சனிக்கிழமை வாசிப்பு ஒழுங்கைக் குலைக்கிறது என்று அதையும் நிறுத்தினேன். இரும்புக் கதவு போட்டேன். பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்று அதில் ஒரு பலகையும் தொங்கவிட்டேன். பலகையில் எழுத்துப் பிழை இல்லை. அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

மேரி இரண்டு ஆண்டு பொறுத்துப் பார்த்தாள். 1986, ஏப்ரல் மாதக் கடைசி வேலைநாளில் வந்து நின்றாள். "சார், கேக்க ஆளில்லாத எடத்துல எனக்குச் சொல்லித்தர வரல" என்றாள். சம்பளம் உயர்த்துகிறேன் என்றேன். அது இல்லை சார் என்றாள். பிறகு, உன் மரப்படி கிட்டங்கியில் சும்மா கிடக்கிறதே, எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். பழைய சாமான் ஒன்று குறைகிறதே என்ற நிம்மதியில் கொடுத்துவிட்டேன்.

இந்த ஜூன் முதல் தேதி அவளும் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டாள், அக்கா. சந்தைக்குப் பின்புறம், பஞ்சு மூட்டை அடுக்கிவைத்த பழைய கொட்டகையில். வாசலில் உன் படி. சனிக்கிழமை வாசிப்பு. இரண்டே நாளில் என் முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் பெஞ்சுகள் காலியாகத் தெரிந்தன.

நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்க மாட்டேன். தெரியும். அவள் என்ன நன்றாகச் செய்கிறாள் என்று பார்த்து, அதைவிட நன்றாகச் செய்ய முயன்றிருப்பாய். நான் செய்தது வேறு. இந்தப் பள்ளத்தாக்கில் தனியார் பள்ளி நடத்துகிறவர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். மனு எழுதத் தெரிந்தவன் என்பதால் நான்தான் தலைவர். தேவாரத்துக்காரர் ஒருவர் செயலாளர். அவர் வந்து என் மேசைமீது கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்:

"தலைவரே, வாசல்ல படிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காகளாமே அந்தம்மா. அது பள்ளிக்கூடமா, பால் பண்ணையா?"

நான் சிரித்தேன். உன் படி அது என்று தெரிந்தும் சிரித்தேன்.

அன்றே, 3.6.1987, புதன்கிழமை, மேரியின் பள்ளிக்கு அங்கீகாரம் வழங்கலாகாது என்று கல்வி அலுவலகத்துக்கு ஆட்சேபணை மனு எழுதிக் கையொப்பமிட்டேன். தமிழ் தானாகக் கையிலிருந்து இறங்கியது. நல்ல மனு. நாளை மறுநாள், செவ்வாய் 16-ஆம் தேதி விசாரணை. சங்கத்தின் சார்பில் நானே பேச வேண்டும்.

நேற்று சனிக்கிழமை. பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். காய் வாங்கவென்று வீட்டில் சொன்னேன்; உண்மையில் எங்கே போனேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டகை வாசல் தெரிகிற மாதிரி, அடுக்கியிருந்த மூட்டைகளுக்குப் பின்னால் நின்றேன். அறுபத்தைந்து வயதுக்காரன், குடையும் கையுமாக.

தக்காளி விற்கும் பேச்சியம்மா தன் மகள் செல்வியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மார்ச் மாதம்வரை என் பள்ளியில் படித்த குழந்தை. மூன்று வருடக் கட்டணம் முன்பணமாகவே கட்டியவர்கள். பேச்சியம்மா, பக்கத்தில் கிடந்த உரச் சாக்கை விரித்துப் பிடித்தாள்.

"வாசி ஆத்தா."

குழந்தை இரண்டு சொல் வாசித்தது. மூன்றாவதில் நின்றது. எச்சிலை விழுங்கி, மறுபடியும் தொடங்கி, மறுபடியும் நின்றது.

"என்னடி, செகதியில மாட்டுன வண்டி மாதிரி நிக்கிற? மூணு வருசம் அந்த இரும்புக் கேட்டுக்குள்ள என்னதான் செஞ்சுக்கிட்டிருந்த?"

பேச்சியம்மா தட்டை எடுத்துப் படியை மூடினாள்.

அக்கா, இதை எழுதக் கை கூசுகிறது. அந்தக் குழந்தை திணறி நின்றபோது எனக்கு மகிழ்ச்சி வந்தது. இலேசான மகிழ்ச்சி இல்லை. வயிறு நிறைந்தது போன்ற மகிழ்ச்சி. பார், உன் மேரியின் பள்ளியிலும் வாசிக்கவில்லை என்று உன்னிடம் சொல்ல வாய் துடித்தது. அந்தக் குழந்தைக்கு வாசிக்க வராததற்கு மூன்று ஆண்டு நான் காரணம், இரண்டு வாரம் மேரி காரணம். அந்தக் கணக்கு எனக்கு உடனே தோன்றவில்லை. மகிழ்ச்சிதான் முதலில் தோன்றியது.

மேரி வாதாடவில்லை. "சரிம்மா. புள்ளி வச்ச எழுத்து சேந்து வந்தா இவளுக்குத் தடுமாறுது. தெரிஞ்சுபோச்சு. அடுத்த வாரம் பாருங்க" என்றாள். "வாசிச்சுட்டாள்னா ரெண்டு வாரத்துக்கும் சேத்துப் போடுறேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிய பேச்சியம்மாவின் கண்ணில் நான் பட்டுவிட்டேன்.

"யாரு, பெரிய பள்ளிக்கூடத்து சாரா? மூட்டைக்குப் பின்னால என்ன சார், ஒளிஞ்சு வெளையாட்டா?"

"வெங்காயம் பார்க்கிறேன்" என்றேன்.

"அது வடுகபட்டிப் பூண்டு சார்!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். செல்வியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "கத்திரிக்காயக்கூட ஒடிச்சுப் பாத்து வாங்குறோம். ஒங்க கடையில மட்டும் மூட்டையப் பிரிக்காம வாங்கிட்டுப் போகணும். சரியான யாவாரம் சார் ஒங்களுது" என்று பேச்சியம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மேரி ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். நான் உட்காரவில்லை. விசாரணைக்கு நோட்டீசு வந்திருப்பதையும், ஆட்சேபணை மனுவின் நகலையும் சேர்த்து அனுப்பியிருப்பதையும் சொன்னாள். நான் பூண்டு மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க எழுதுனதுதான்னு மொத வரியிலேயே தெரிஞ்சிருச்சு சார். அம்புட்டுச் சுத்தமா இங்கன வேற யாரு எழுதுறாக?"

குத்தலாகச் சொல்லவில்லை, அக்கா. குத்தலாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "வெயில்ல நிக்காதீக சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து என்னிடமிருந்த மனு நகலை எடுத்து அந்த முதல் வரியைப் படித்தேன். "இப்பகுதியில் போதிய பள்ளிகள் உள்ளன. மேலும் ஒன்று வருவது முறையற்ற போட்டிக்கு வழிவகுத்து, பொதுமக்களின் நலனுக்கு ஊறு விளைவிக்கும்." ஆலை என்று இருந்த இடத்தில் பள்ளி என்று இருந்தது. மற்றபடி ஒரு புள்ளிகூட மாறவில்லை. பதினாறு ஆண்டு என் தலைக்குள் பத்திரமாக இருந்து, எனக்கு வேண்டிய நாளில் தானே வந்து உட்கார்ந்திருக்கிறது. குழம்புக் கரண்டியோடு நீ நின்றதும் உடனே நினைவுக்கு வந்தது. இரவு சாப்பிடவில்லை. மருமகள் உடம்புக்கு என்ன என்று கேட்டாள். வெயில் என்றேன்.

கட்டுப்பாடு வேண்டும் என்று நான் வாதிட்ட காலத்தில் அதை நம்பித்தான் வாதிட்டேன். அது குற்றமில்லை. பிறகு போட்டி வேண்டும் என்றேன்; அதையும் நம்பித்தான் சொன்னேன் என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், நான் உள்ளே நுழைகிறவரைக்கும் கதவு திறந்திருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். நுழைந்த பிறகு தாழ்ப்பாளைத் தேடியிருக்கிறேன். சோதனைச் சாவடியில் நின்றவனாவது சட்டத்துக்காக நின்றான். மூட்டைக்குப் பின்னால் நின்றவன் எதற்காக நின்றான்? இதைவிடக் கீழான பெர்மிட்டை நீ கண்டதுண்டா?

செயலாளர் இன்று காலையும் வந்திருந்தார். "செவ்வாக்கிழமை நீங்க எந்திரிச்சாப் போதும் தலைவரே, அந்தம்மா படியத் தூக்கிக்கிட்டுப் போயிருவாக" என்றார். இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனுவைத் திரும்பப் பெறப்போகிறேன் என்றேன். அவர் முகம் மாறியது. "இன்னைக்கு இந்தம்மா. நாளைக்குத் தெருவுக்கு ஒண்ணு மொளைக்கும். ஒங்ககிட்ட வேல பாக்குற டீச்சர்களுக்கு யாரு சம்பளம் குடுப்பா? அந்தம்மாவா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, அக்கா. அவர்களும் வீடுவாசல் உள்ளவர்கள். நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் வருவார்கள் என்று சொல்லலாம். வராவிட்டால்? நீ முதல் நாள் கிட்டங்கியைத் திறந்தபோது இந்தப் பயம் உனக்கும் இருந்திருக்கும்தானே? ஒரு தடவைகூடக் காட்டிக்கொள்ளவில்லையே.

ஆகவே செவ்வாய்க்கிழமை செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறேன். விசாரணையில் எழுந்து, இந்த மனுவை எழுதியவன் நான்தான், போதுமா போதாதா என்று சொல்லும் தகுதி எனக்கில்லை, பள்ளி வைத்திருப்பவன் அதைச் சொல்லக்கூடாது என்பேன். என் ஆட்சேபணையைத் திரும்பப் பெறுவேன். ஆனால் அந்தக் கொட்டகையின் கூரையைப் பொறியாளர் ஒருவர் பார்க்க வேண்டும் என்றும் கேட்பேன். வடமேற்கு மூலையில் ஓடு சரிந்திருக்கிறது, நானே பார்த்தேன். சிரிக்காதே. கூரை வேறு, கதவு வேறு. பிள்ளைகளின் தலைமேல் விழாமலிருக்க ஒரு விதி வேண்டும். எனக்கு வாடிக்கை குறையாமலிருக்க ஒரு விதி வேண்டியதில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

20-ஆம் தேதி சனிக்கிழமை மாலை, நம் பள்ளியின் இரும்புக் கதவு திறந்திருக்கும். பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்ற பலகையை இன்று மதியமே கழற்றிவிட்டேன். எந்தத் தாயும் வந்து எந்தப் பிள்ளையையும் வாசிக்கச் சொல்லலாம். இனி ஆண்டு முன்பணம் கிடையாது, மாதக் கட்டணம்தான். பிள்ளை திணறினால், அந்த மாதத்துக்குக் கேட்க மாட்டேன். கையில் காசில்லாத தாய் தன் பிள்ளையை மக்கு என்று சொல்லிவிட்டுப் போகும் நாள் வந்தால், அன்று நானும் படியில் ஓட்டை விழுந்துவிட்டது என்று சொல்வேன். அந்தப் பழைய வழக்குக்கு இது தீர்ப்பாகாது என்று எனக்குத் தெரியும். உன்னிடமிருந்து நான் கற்ற ஒரே பதில் இதுதான்.

ஊரைக் கூட்டி ஏன் வெட்கப்படுகிறாய் என்று கேட்பாயே, அதற்கு வருகிறேன். இவ்விதழ் அச்சாகிக் கைக்கு வரும்போது அந்தச் செவ்வாயும் அந்தச் சனியும் கடந்திருக்கும். சொன்னதைச் செய்தேனா இல்லையா என்று படிக்கிறவர்கள் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பேச்சியம்மாவைக் கேட்கலாம். போடி வண்டிக் கண்டக்டரைக் கேட்கலாம்.

உன்னிடம் மன்னிப்பை முன்பணமாகக் கேட்கவில்லை, அக்கா. செவ்வாய் கழியட்டும். பார்த்துவிட்டுப் போடு. நான் திணறினால், தட்டை எடுத்து மூடிவிடு.

உன் கூடப்பிறந்த தம்பி,
பெர்மிட்டு